ஒரு கைப்பிடிச் சங்கு

பூ ஒக்சனுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பெண்கள் குளிர்காயும் கல்வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஜெஜுத் தீவின் அந்தக் கரையில், மூச்சடக்கி முங்கிச் சங்கெடுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. சங்கு முட்டையிடும் மாதங்களில் அதைத் தொடுவதில்லை என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டு. யாரோ மீறி ஓட்டலுக்கு விற்றிருக்கிறார்கள். விசாரிக்க வந்திருந்தார் மீன்வளத்துறை அதிகாரி மூன்.

"பேரைச் சொல்லுங்கம்மா. லைசென்ஸை ரத்து பண்ணிட்டுப் போயிடறேன்."

"ஒருத்தி பிழைப்பைப் பறிக்கிறதுக்கு இவ்வளவு அவசரமா தம்பி? எங்க ஆளுங்க கூடட்டும், உக்காருங்க."

ஆள் யாரென்று ஒக்சனுக்குத் தெரியும். முந்தாநாள் யாரும் கடலில் இறங்கவில்லை; ஆனால் அவர்களில் ஒருத்தியான ஹியொன் மல்சுன் வீட்டுக் கொடியில் முங்கும் உடை சொட்டிக்கொண்டிருந்தது. புருஷனை இழந்தவள். கடல் போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. 'தாயே, கடலம்மா, என் வாயால் அந்தப் பேர் வரவேண்டாம்' என்று வேண்டிக்கொண்டாள்.

பெண்கள் கூடினார்கள். மூத்தவர்கள் புகை வராத பக்கம் அமர்ந்தார்கள்.

"புது ஆளுக்குப் புகைப் பக்கந்தான் சார்!" என்று ஒருத்தி சொல்ல, மூன் இருமிக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒக்சன் வாய் திறப்பதற்குள் மல்சுன் எழுந்துவிட்டாள். "நான்தான் எடுத்தேன்."

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"காது வலிக்குதுக்கா. குளிர் விட்டதிலேர்ந்தே ஆழம் போக முடியல. பை காலியாவே வந்துச்சு."

"மிதவையை முன்னால அணைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே கரையேறுவியே!"

"பின்ன, காலிப் பையைக் காட்டிக்கிட்டு ஊர்வலமா போவாங்க?"

காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த ஒக்சனின் கால்கள் அப்போதுதான் நின்றன. பை நிறைந்தவள், நிறையாதவளின் பையில் கேட்காமலே ஒரு கைப்பிடி போடவேண்டும். அதுவும் அந்தக் கரையின் கட்டுத்தான்.

"நம்ம கட்டுல ஒண்ணை இவ மீறினா. இன்னொண்ணை நாம எல்லாரும் மீறியிருக்கோம்" என்றாள் ஒக்சன். "சங்குப் பருவம் திறக்கிறவரை கரைக்காவல் இவளுக்கு. சங்கைத் தின்கிற நட்சத்திர மீனைப் பொறுக்குறதும் இவ வேலை. திறந்தப்புறம் எல்லாரும் அவ பையைப் பாருங்கடி."

மூன் கண்ணைத் துடைத்தார், புகைதான். "எங்க படிவத்துல 'ஏன்'னு எழுத இடமே இல்லம்மா."

"ஓரத்துல எழுதுங்க தம்பி."

முதல் தவறு, எச்சரிக்கை, கரை முழுவதும் பொறுப்பு என்று எழுதினார். "மறுபடி நடந்தா நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பருவம் திறந்த அன்றும் ஒக்சனுக்கு நிம்மதி இல்லை. மேலே வரும்போதெல்லாம், முங்கி எழுந்து மல்சுன் சீழ்க்கைபோல மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். கேட்டது, ஆனால் மெலிந்து கேட்டது.

மாலையில் எல்லோரும் கரையேறினார்கள். மல்சுன் மிதவையை முதுகில் போட்டுக்கொண்டு, காலிப் பையை முன்னால் தொங்கவிட்டபடி, தலை குனியாமல் வந்தாள். ஒக்சனின் கை அதற்குள் தன் பைக்குள் போயிருந்தது.