உள்ளறைச் சாவி

கஸ்தூரி முற்றத்தில் வலிப்பு வந்து விழுந்து கை கால் வெட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் விருத்தாம்பாள் இடுப்பிலிருந்து உள்ளறைச் சாவியை உருவி அவள் கையில் திணித்தாள். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று சோரியாங்குப்பம் ஊரே நம்பியது.

"நேரம் பாத்து வந்துச்சு பாரு," என்றாள் விருத்தாம்பாள்.

நேரம் அப்படி. மகன் மணவாளனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் கொடுக்கக் கரையாம்புத்தூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். தாம்பூலத் தட்டு பூட்டிய உள்ளறையில் இருந்தது.

புருஷன் தொட்டால்தான் வலிப்பு வருகிறதாம். யாரோ கிளப்பிவிட்டதை நம்பி விருத்தாம்பாள் மருமகளின் பாயை உள்ளறையிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. புதுச்சேரி டாக்டர் என்னவோ வேறு மாதிரி சொன்னார். மருந்தைத் தவறாமல் குடிக்கட்டும், இருவரும் எப்போதும் போல வாழலாம், அதனால் வலிப்பு அதிகமாகாது என்றார். பக்கத்தில் நின்று கஸ்தூரியும் கேட்டாள். வீடு திரும்பிய மணவாளன் மருந்தைக் கொடுத்தான். மற்றதைத் தாயிடம் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டான். இவனெல்லாம் ஒரு ஆண்பிள்ளை.

நோயாளிக்கு ஆசை ஏது என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு ஆசை இருந்தது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஈரக் காலோடு வரும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் உடம்பு தவித்தது. அதைச் சொல்ல ஆளில்லாமல் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். இன்னொருத்தி வந்துவிட்டால் அந்த உள்ளறை இனி எந்த ஜென்மத்திலும் தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வலிப்பு நின்றது. கஸ்தூரி மெல்லக் கண் திறந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

"சாவியக் குடுடி," என்றாள் விருத்தாம்பாள்.

கை விரியவில்லை. மாமியார் இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. விருந்தாளிகள் நடை ஏறிவிட்டார்கள். அவசரத்தில் அவள் மகனை அழைத்தாள்.

"டேய், இவ கையப் புடிச்சுப் பிரிடா."

மணவாளன் குனிந்து கையை நீட்டினான்.

"அவரு என்னத் தொடக் கூடாதுன்னு ரெண்டு வருசமாச் சொன்னீங்களே அத்தெ, இப்ப மட்டும் தொடலாமா?" என்றாள் கஸ்தூரி. "யாரும் தொடாமத்தானே இன்னிக்கும் வலிப்பு வந்துச்சு?"

கஸ்தூரி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரு இன்னா சொன்னாருன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க. சொல்லிட்டுத் தொடுங்க. சாவியத் தர்றேன்."

கரையாம்புத்தூர்க்காரர்கள் மணவாளனைப் பார்த்தார்கள். அவன் நீட்டிய கையை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டான். உள்ளறை பூட்டியே கிடந்தது.