ஜன்னலோர நாற்காலி

செஸ் ஆடும்போது நகர்த்திய காயைத் திரும்ப எடுத்துவிட்டான் என்று மாமனார் கோபித்துக்கொண்டு இரண்டு மாதமாகிறது. ஏசி மெக்கானிக்கான மாப்பிள்ளையும் வீம்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "அப்பா ரூம்ல ஏசி குளிரலையாம், போய்ப் பாருங்க" என்று மனைவி விரட்டியதால்தான் இன்று வந்தான்.

மணியை அழுத்துமுன்பே கதவு திறந்தது.

"வந்துட்டீங்களா? நீங்க வர்றதே தெரியாது. இவ்வளவு நேரம் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டேன்" என்றார் மாமனார் விறைப்பாக.

சூட்டைச் சிவப்பாகவும் குளிரை நீலமாகவும் காட்டும் வெப்பக் கேமராவை ஏசிமேல் பிடித்தான். உள்ளே பனி கட்டிக் கருநீலமாகத் தெரிந்தது. ஃபில்டரில் அப்பிய தூசியைக் கழுவிப் பனி உருகவிட்டால் போதும், தீர்ந்தது. பழக்கதோஷத்தில் கேமராவை அறை முழுக்கச் சுற்றினான். கட்டிலில் ஆள் படுத்த சூடே இல்லை. தெருவைப் பார்த்த ஜன்னலோர நாற்காலியில்தான் யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த தடம் செக்கச்செவேலென்று தெரிந்தது.

"என்ன கோளாறு?"

சட்டென்று கேமராவை அணைத்தான். "பெரிய கோளாறு மாமா. வாராவாரம் வந்து பார்க்கணும்."

"நான்தான் சொன்னேனே!" என்றவர் செஸ் பலகையை எடுத்து விரித்தார். "பனி உருகுற வரைக்கும் உட்காருங்க மாப்பிள்ளை. வேணும்னா இன்னைக்கு ஒரு காயைத் திரும்ப எடுத்துக்கலாம்."