இருந்த இடத்திலேயே களவு

அந்த மனநல மருத்துவமனையில் கணினிகளுக்குப் பொறுப்பு அவள்தான். காலையில் வந்து பார்த்தால் எல்லாத் திரைகளிலும் ஒரே செய்தி: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் வேண்டும். வரவேற்பில் இருந்த பெண் பேயறைந்தவள்போல் நின்றாள். இவளுக்கோ உள்ளூரக் கொஞ்சம் குஷி. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் தினமும் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, இணையத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத தனிப் பெட்டியில் வைத்திருந்தாள். அதற்காக அவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "என்னையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ" என்பான் அவள் கணவன்.

கணினிகளைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். ஒரு வரிகூடக் குறையவில்லை.

"நீ மட்டும் இல்லன்னா நான் அம்போதாம்மா" என்றார் மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மா.

அந்தப் பாராட்டு காதில் இருக்கும்போதே அடுத்த மின்னஞ்சல் வந்தது. பூட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டார்களாம். பணம் வராவிட்டால் ஊரே படிக்கும்படி இணையத்தில் போடுவார்களாம். மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர், மூடிய அறைக்குள் டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதது அதில் இருந்தது.

எதுவும் காணாமல் போகவில்லை. அதனதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அத்தனையும் களவு போயிருக்கிறது. இத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காத்தது கோப்புகளைத்தான், அவற்றுக்குள் இருந்த மனிதர்களை அல்ல என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"காசு குடுத்தா அழிச்சிடுவாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அழிச்சிட்டோம்னு சொல்வாங்க டாக்டர். அதை எப்படி நம்புறது? தொலைஞ்சதை என்னால திரும்பக் கொண்டுவர முடியும். அவங்க படிச்சதைப் படிக்காததா ஆக்க முடியாது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடுவோம்."

போலீசுக்குத் தகவல் போனது. டாக்டரம்மா நோயாளிகளை ஒவ்வொருவராகத் தானே போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். திட்டியவர்கள் உண்டு, பேசாமல் போனை வைத்தவர்கள் உண்டு. தீயணைப்பு அதிகாரி மட்டும் நேரில் வந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி. அந்தப் பக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"இதை என் ஸ்டேஷன் பசங்க ஏதோ ஒரு போன்ல படிக்கக் கூடாதும்மா" என்றார் அவளிடம். "நானே சொல்லிடுறேன். நாளைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க. நடுவுல எனக்குத் தொண்டை அடைச்சா டாக்டர் மிச்சத்தைப் படிக்கட்டும்."

மறுநாள் காலை வண்டிகளுக்கு முன்னால் வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். அதிகாரி எதிரே வந்து நின்றார்.

"அந்தத் துணிக்கிடங்கு தீயில, ரெண்டாவது மாடிக்கு நான் போகல. படி இடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டீங்க. படி நல்லாத்தான் இருந்துச்சு. என் கால்தான் நகரல. மேல ஒரு ஆள் இருந்தான். அன்னையிலேர்ந்து புகையைப் பார்த்தா கை நடுங்குது. அதுக்குத்தான் டாக்டர்கிட்ட போறேன்."

அவருக்குத் தொண்டை அடைக்கவே இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை கடவுச்சொல் போட்டுக் காத்த ரகசியம்! அதை இந்த மனிதர் தானே பட்டப்பகலில் எடுத்து வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். உள்ளே நெருப்புக்குள் போகும்போது இவர்கள் முகம் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசையின் கோடியில் ஒரு முரட்டு மீசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சார், அந்த டாக்டர் எத்தனை மணிக்குப் பார்ப்பாங்க?"

"இதோ நிக்கிறாங்க, அவங்களையே கேளு."

திருடர்கள் சொன்னபடியே செய்தார்கள். ஒரு பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றது. ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஊர் மாறிப் போனார். அவர்களுக்கு அவளால் எதையும் மீட்டுத் தர முடியவில்லை. இனித் தேவையில்லாத பழைய குறிப்புகளை எல்லாம் டாக்டரம்மாவின் ஒப்புதலோடு அடியோடு அழித்தாள், பேக்கப்பிலிருந்தும்கூட.

அதிகாரி பேசிய அந்த வாரமே காத்திருப்போர் அறையில் தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுடை போடாமல், சீருடையிலேயே வந்திருந்தார்கள்.