கேசட் சேனலில் லைன்வீட்டு வாசல்

டிவி திரையில் கறுப்புப் பட்டை மறுபடியும் கீழிருந்து ஏறத் தொடங்கியது. முதலில் குழந்தைகளின் கால்களை மறைத்தது, அப்புறம் இடுப்பை, அப்புறம் முகங்களை. உச்சிக்குப் போய் அது மறைவதற்குள் கீழே அடுத்த பட்டை வந்து நின்றது. யாகூப் பாயின் கண்ட்ரோல் ரூமில், ரிசீவர் பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கதிரேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் இதே படம் கண்ணாடி மாதிரி இருந்தது. வாசலில் காயப்போட்ட வடகத்தை எண்ணிவிடலாம். சாயங்காலமானால் பட்டை வந்துவிடுகிறது. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான்.

"ஒயரை முழுசா மாத்திட்டனுங்க பாய். கேமராவுக்குக் கரண்ட் குடுக்கற பெட்டியையும் மாத்தியாச்சு. மத்தியானம் நல்லாருக்குது, பொழுதோட ஆனா வந்துருதுங்க."

யாகூப் பாய் ஊருக்கெல்லாம் கேபிள் கொடுப்பவர். கதிரேசன் அவரிடம் லைன்மேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். "அந்தப் பட்டையும் மத்தியானம் சோத்துக்குப் போயிட்டு வருதாட்ட இருக்குதுப்பா."

கதிரேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. இது வாடிக்கையாளர் வீட்டு வேலையாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று போயிருப்பான். இது அக்காவின் வேலை.

அக்கா பொற்கொடி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறாள். அவள் கணவன் வால்பாறை எஸ்டேட்டிலிருந்து தேயிலை லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மகள் கிருபா ரெண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மாவுக்கு ஷிப்ட் முடியும்வரை வீட்டில் தனியாக இருக்க வேண்டும். போன மாதம், ஒரே வாசலுக்கு வரிசையாக வீடுகள் இருக்கும் அவர்கள் லைன்வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தபோது ரெண்டு வீட்டுப் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பொற்கொடி டீ இடைவேளைச் சங்கு ஊதியதும் கம்பெனியின் பின்கேட் வழியாக வீட்டுக்கு ஓடுவாள். கிருபாவைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுவாள். சில நாள் வேலை பார்க்கும் பெஞ்சுக்கு வந்து சேரத் தாமதமாகிவிடும்.

சூப்பர்வைசர் அங்கப்பன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "இன்னொருக்கா லேட்டாச்சுன்னா, அம்மணி, மறுநாள்ல இருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் கதிரேசனுக்கு அந்த யோசனை வந்தது. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை கழித்துப்போட்ட கறுப்பு வெள்ளைக் கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. லைன்வீடும் யாகூப் பாயின் கண்ட்ரோல் ரூமும் ஒரே சந்து. பாய் ராத்திரியில் கேசட் போட்டுப் படம் காட்டும் சேனல் பகலெல்லாம் சும்மா கிடக்கிறது. கம்பெனி கேன்டீனில் டிவி இருக்கிறது. அதற்குக் கேபிள் கொடுத்ததே கதிரேசன்தான். கேமராவிலிருந்து ஒயரைக் கண்ட்ரோல் ரூமுக்கு இழுத்து, கேசட் சேனலில் ஏற்றிவிட்டால், அக்கா டீ குடித்துக்கொண்டே தன் வாசலைப் பார்க்கலாம். ஓட வேண்டியதில்லை.

கேசட் சேனல் கேபிள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போகும் என்பதை அவன் பெரிதாக நினைக்கவில்லை. லைன்வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். பக்கத்து வீட்டு ராசாத்தாள் பாத்திரம் கழுவ வாசலுக்கு வரும்போதுகூட தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். "டிவில வாரமில்ல, பின்ன எப்படி வாரதாமா?" என்றாள். பால்காரர் சின்னான் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் ஊற்றினார். "பாலுக்குள்ள தண்ணி ஊத்துனா இனி ஊரே பாக்கும் சின்னாண்ணா" என்று ராசாத்தாள் சொன்னதற்கு, "நான் ஊட்டுலயே ஊத்திட்டு வந்தர்றனுங்க" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இந்தப் பட்டையைத் தவிர.

ஷிப்ட் முடிந்து வந்த பொற்கொடி கண்ட்ரோல் ரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரல்களில் வார்னிஷ் வாசம்.

"இன்னைக்கும் அப்படித்தான் தம்பி. அது கிருபாவா, அடுத்த ஊட்டுப் புள்ளையான்னு பாக்கறதுக்குள்ள மூஞ்சி மேல பட்டை ஏறிருது. அது வெலகறதுக்குள்ள சங்கு ஊதிர்றாங்க. நீ கழட்டிபோடு சாமி. நாளைக்கு நான் எப்பவும்போல ஓடிக்கறேன்."

"லேட்டாச்சுன்னா வேலை போயிருமுங்க்கா."

"வேலை போனா போச்சு. புள்ளைய என்ன பண்ணச் சொல்ற?"

கதிரேசன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவளுடன் நடந்தான். சந்தின் இருபக்கமும் இரும்பு கடையும் லேத் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. லைன்வீட்டு வாசலின் நடுவில் போர்வெல் இருந்தது. தரைக்கு மேல் ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த இரும்புக் குழாயில்தான் கேமராவைக் கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தான். அதைவிட அசையாத கம்பம் அந்த வாசலில் வேறில்லை என்று அவனுக்கு அதில் பெருமைகூட உண்டு.

நட்டைத் தளர்த்திக் கேமராவைக் கையில் எடுத்தான். ஒயரை இன்னும் பிடுங்கவில்லை.

வீட்டுக்குள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராசாத்தாள் சத்தம் போட்டாள். "ஏனுங்க தம்பி! உன்ற கால்வெரலு பெருசாத் தெரியுது! ஆனா கோடு போயிருச்சு!"

"என்னுங்க?"

"கோடு! கோடு போச்சுங்கறேன்!"

கதிரேசன் கேமராவை மெல்லக் குழாயில் ஒட்டவைத்தான்.

"வந்துருச்சு!"

எடுத்தான்.

"போச்சு!"

ஒட்டவைத்தான்.

"வந்துருச்சு! அட, என்ன தம்பி வெளையாடறே?"

கிருபாவும் மற்ற குழந்தைகளும் ராசாத்தாள் வீட்டு வாசற்படியில் கூடிவிட்டார்கள். கதிரேசன் கை அசைக்கும்போதெல்லாம் "போச்சு", "வந்துருச்சு" என்று கூட்டாகக் கத்தினார்கள். அவன் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை செய்தான். பொற்கொடி தன் களைப்பை மறந்து சிரித்தாள்.

"என்ன தம்பி இது, மந்திரமா?"

"இல்லீங்க்கா. இங்க பாருங்க." அவன் கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினான். "இந்த ஒயருக்குள்ள நடுவுல ஒரு கம்பி. அதுலதான் படம் போவுது. அதைச் சுத்தி வலையாட்ட இன்னொண்ணு. அந்த வலையும் கேமராவோட இரும்புக் கூடும் ஒண்ணாச் சேந்திருக்குது. அந்தக் கோடியில, கண்ட்ரோல் ரூம்ல, வலையை மண்ணுல எர்த் பண்ணியிருக்கறோம். சரிங்களா? இங்க நான் என்ன பண்ணிபோட்டேன், கேமராவைக் கொண்டாந்து போர் பைப்புல முறுக்கிட்டேன். இந்தப் பைப்பு மண்ணுக்குள்ள எத்தனை ஆழம் போவுது! இதுவும் ஒரு எர்த்துத்தான்."

"மண்ணு எல்லாப் பக்கமும் மண்ணுதான?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா இந்தச் சந்துல லேத்து ஓடறப்பெல்லாம் கொஞ்சம் கரண்டு மண்ணுல கசியுதுங்க. அதனால அந்த மண்ணும் இந்த மண்ணும் ஒரே மட்டத்துல இல்ல. மேட்டுலருந்து பள்ளத்துக்குத் தண்ணி வாராப்பல, நம்ம ஒயரோட வலை வழியாக் கரண்டு ஓடுது. அதுதான் பட்டை. கரண்டோட துடிப்பும் டிவியோட துடிப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா அச்சா ஒண்ணு இல்ல. அதுதான் பட்டை ஒரே எடத்துல நிக்காம மெதுவா ஏறுது."

"மத்தியானம் ஏன் வரலே?"

"மத்தியானம் பட்டறைக்காரங்க லேத்தை நிறுத்திட்டுச் சோத்துக்குப் போயிர்றாங்க. பாய் சொன்னது சரிதான்."

"பொழுதோட டீ குடிக்கறப்ப நிறுத்த மாட்டாங்களா?"

"பீஸ் கணக்குக் கூலிங்க்கா. ஒரு கையில டீ, ஒரு கையில லேத்து."

பொற்கொடி சந்துப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, இப்ப என்ன பண்ணோணும்?" என்றாள்.

"கேமரா பைப்பைத் தொடப்படாது. அவ்வளவுதான். பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு வேணும்."

"எங்கூட்டுக்காரரு சைக்கிள்ல இருக்கறதைக் கழட்டிபோடாதீங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே ராசாத்தாள், தண்ணீர்க் குழாயின் வாயில் கட்டியிருந்த டியூபை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். கதிரேசன் அதைப் போர்வெல் குழாயில் ரெண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கிளாம்பைப் போட்டு முறுக்கினான். ரப்பர் கரண்டை விடாது.

"கோடு?"

"இல்ல!" என்று குழந்தைகள் கத்தினார்கள்.

மறுநாள் சாயங்காலம் கேன்டீன் டிவிக்கு வரும் ஒயரைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கதிரேசன் கம்பெனிக்குப் போனான். சங்கு ஊதியது. பெண்கள் டம்ளரோடு டிவி முன்னால் வந்து நின்றார்கள். பொற்கொடி மட்டும் வருவாள் என்று நினைத்திருந்தான். காயில் செக்‌ஷன் முழுவதும் வந்திருந்தது. லைன்வீட்டுக்காரிகள் முன்வரிசையில் நின்றார்கள்.

கம்பெனிச் சங்கு லைன்வீட்டுக்கும் கேட்கும். திரையில் குழந்தைகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து போர்வெல் முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொருவராகக் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். கிருபா தன் டிபன் பாக்ஸைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பருக்கைகூட விழவில்லை.

"தின்னுபோட்டியா கண்ணு? சரி சரி" என்றாள் பொற்கொடி, டிவியைப் பார்த்து.

"அது என்ற பையன்! சட்டைப் பித்தானைப் பாரு, எங்கயோ வுட்டுட்டு வந்திருக்கான்!"

"அடுத்தது எங்கூட்டுது, தள்ளுங்க, தள்ளுங்க!"

டீ அப்படியே இருந்தது. மறுபடி சங்கு ஊதியது. "போலாமுங்களா அம்மணிகளா?" என்று அங்கப்பன் வாசலில் நின்று கூப்பிட்டார். பெண்கள் சிரிப்போடு டம்ளர்களை வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனார்கள். பொற்கொடி முன்னால் போனாள், இன்றைக்கு அவளுக்குத் தாமதமாகவில்லை.

கேன்டீனில் கதிரேசனைத் தவிர யாரும் இல்லை. திரையில் குழந்தைகள் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நின்ற பொடியனின் முறை இன்னும் வந்திருக்கவில்லை. அவன் இப்போதுதான் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, சிரித்துக் கையைத் தூக்கினான்.

கேமராவுக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் இருந்தது. படத்தில் ஒரு கோடுகூட இல்லை.