தீவனத்தில் கலந்தது

என் வீட்டுக்காரருக்கு எதற்கெடுத்தாலும் பயம். குளத்தில் தண்ணீர் பச்சையாக இருந்தால் பயம், தெளிந்தால் அதைவிடப் பயம். மூன்று குளத்தில் இருபதாயிரம் மீனை வளர்க்கிற ஆள் இப்படியா இருப்பது என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, அதை மறைக்கிற வழக்கமும் கிடையாது.

நாங்கள் ஆரம்பித்தபோது சுற்றுவட்டாரத்தில் ஐந்தே குளம். இப்போது எண்ணினால் தலை சுற்றும். பயிர் விளைந்த நிலமெல்லாம் குளமாகிவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள், வருங்காலமே மீனில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது பொய்யில்லை. பிள்ளைகள் படித்ததும் வீட்டுக்குக் கூரை மாறியதும் மீனால்தான். ஆனால் ஒருவர் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்தவர் குளத்துக்குப் போகிறது. ஒருவர் மீன் உடம்பில் சிவப்புப் புள்ளி வந்தால் பத்து நாளில் எல்லோர் மீனுக்கும் வருகிறது.

அப்படி வந்த வருடம்தான் பைக்காரர் எங்கள் பக்கம் வந்தார். மீன் மருந்து விற்பவர். தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை, அதனால் அந்தப் பெயர். ஒரு பொட்டலம் மஞ்சள் பொடியைக் கொடுத்து, தவிட்டோடும் புண்ணாக்கோடும் எண்ணெய் விட்டுப் பிசைந்து போடச் சொன்னார். மூன்றாம் நாள் மீன் சாவது நின்றது. எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

"நோய் வந்தாத்தானே மருந்து? நல்லா இருக்கிற மீனுக்குத் தினமும் எதுக்குங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வந்தப்புறம் அழறதுக்கு, வராமப் பாத்துக்கலாம்ல?" என்றார் பைக்காரர்.

நான் பைக்காரர் பக்கம். இவரும் விடவில்லை. ஒரு நாள் சோறே வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். நிறுத்தவில்லை. காலையில் இவர் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் கொட்டகையில் பிசைந்து முடித்துவிடுவேன். ஒரு பொட்டலம் போதாமல் இரண்டானது. அந்தப் பொடி கேட்காமல் போனதும் பைக்காரர் வேறொன்று கொண்டுவந்தார், பிறகு இன்னொன்று. பெயர்கள் என் வாயில் நுழையாது. ஆனால் தினமும் பிரிக்கிற பொட்டலம் ஆயிற்றே, எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிட்டன.

"பாத்தீங்களா, மருந்து இல்லாமலே நம்ம மீன் எப்படி இருக்கு?" என்று இவர் போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

போன திங்கட்கிழமை வலை போட்டு மீனைத் தரம் பிரித்தோம். வியாழக்கிழமை லாரி வருவதாகக் கொழுந்தன் பேசி முடித்திருந்தான். அப்போது ஒரு திலேப்பியா துள்ளி, அதன் முதுகு முள் இவருடைய வலது உள்ளங்கையில் ஏறியது. முள் குத்துவது எங்களுக்குப் புதிதா என்ன? வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் காலையில் கை வீங்கி, குத்திய இடம் கறுத்து, உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா சின்ன வயதுதான், ஆனால் கறார். "குளத்துல மருந்து ஏதாவது போடறீங்களா? மறைக்காமச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் எந்த ஊசின்னு நான் முடிவு பண்ணணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "முன்னாடி போட்டோம் டாக்டர். இவ நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்படியாம்மா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விஷயம் வெளியே போனால் லாரி வராது என்று நினைத்தேன். ஆனால் அது பாதிக் காரணம்தான். அந்த மனுஷர் அவ்வளவு காய்ச்சலிலும் எனக்காகப் பேசினார். அவர் முன்னால் என் குட்டு வெளிப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நர்ஸ் குப்பியை எடுத்து வந்தார். அதன்மேல் இருந்த பெயரைப் பார்த்தேன். எனக்குப் பழகிய எழுத்து. அவர்கள் சொட்டுச் சொட்டாக ஏற்றியதை நான் வருடக்கணக்கில் அள்ளி அள்ளிப் பிசைந்திருக்கிறேன்.

இரண்டு நாள் அதையே ஏற்றினார்கள். டாக்டரம்மா கறுப்பு நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போவார். திரும்பி வருவதற்குள் கறுப்பு கோட்டைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், எழுந்த வேகத்தில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை காலையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனால், மேஜையில் பரிசோதனைச் சீட்டு வந்து கிடந்தது. கிருமிக்குக் கேட்காத மருந்துகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாமே என் கொட்டகையில் இருந்தவை.

"கேக்கற மருந்து ஒண்ணே ஒண்ணுதாம்மா. முதல் நாளே தெரிஞ்சிருந்தா அதையே போட்டிருப்பேன். இப்ப கையை எடுத்தாத்தான் ஆள் பிழைப்பார்." சீட்டை மடித்தார். "இந்த மாசம் குளத்துலேர்ந்து இப்படி வந்தவங்க, இவரோட நாலு பேர். இந்த ஒண்ணும் கேக்காமப் போச்சுன்னா அப்புறம் என்கிட்ட எதுவும் இல்ல."

சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பத்தாவது நிமிடம் கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, லாரி கிளம்பிடுச்சு. ஒரு மீனைக்கூடக் கழிக்கலை, அவ்வளவு திடமா இருக்காம். பக்கத்துக் குளத்துக்காரங்க எல்லாம் வந்து நிக்கறாங்க. நாம தீவனத்துல என்ன போடறோம்னு கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?" நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கண் விழித்தார். முழங்கையோடு முடிந்த கட்டை வெகுநேரம் பார்த்தார். நான் கட்டிலில் தலையைக் கவிழ்த்து அழுதேன். இடது கையால் என் தலையைத் தடவினார்.

"அழாதம்மா. நல்லவேளை, என் பேச்சைக் கேட்டு நீ அன்னைக்கே அதை நிறுத்தின. இல்லேன்னா என் உயிரே போயிருக்கும்."

நான் தலையைத் தூக்கவில்லை. அவரும் தடவுவதை நிறுத்தவில்லை.