மேல்தட்டில் இருந்த வரி

ஆபீசில் அவளுக்கு 'கமா' என்று பெயர். ஒரு கமா இடம் மாறிக் கிடந்தாலும் இருப்புக் கொள்ளாதவள் என்று டீம் லீடர் கிண்டலாக வைத்தது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. இணைய விளம்பரங்களுக்கு அடியில் 'இலவச டெலிவரி', 'ஞாயிறும் உண்டு' என்று குட்டிக் குட்டியாக வருமே, யாருமே படிப்பதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்யும் வரிகள், அவற்றை எழுதுவதும் எடுப்பதும் அவள் வேலை. எந்த விளம்பரத்தில் எந்த வரி தொங்குகிறது என்று மொத்தமாகப் பட்டியல் போட ஒரு மென்பொருள் இருந்தது. அதைச் 'சல்லடை' என்பார்கள்.

திங்கட்கிழமை பேக்கரிக்காரர் போன் செய்தார்.

"இன்னையிலேருந்து முந்திரி, பாதாம் எல்லாம் போடறோம்மா. அந்த 'நட்ஸ் சேராத சமையலறை'ங்கற வரியை எல்லா இடத்துலயும் எடுத்துருங்க."

கமா சல்லடையை ஓட்டினாள். நாற்பத்தாறு விளம்பரங்களில் அந்த வரி இருந்தது. நாற்பத்தாறிலும் அதோடு இருந்த மற்றப் பழைய வரிகளையும் சேர்த்து மொத்தமாக வழித்துப் போட்டாள். மறுபடி ஓட்டினாள். பூஜ்யம். 'ஒன்று விடாமல் எடுத்தாயிற்று' என்று பேக்கரிக்காரருக்கு எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.

வியாழன் மதியம் மூன்றரைக்கு அக்கா அழைத்தாள்.

"எங்கடி இருக்க? நாலு மணிக்கு கேக் வெட்டறோம். சித்தி எங்க, சித்தி எங்கன்னு வாண்டு உயிரை வாங்கறான்."

வாண்டு அக்காவின் ஒரே மகன். அன்று அவனுக்கு ஏழு வயது முடிகிறது. நாலு வயதில் யாரோ கொடுத்த அரை முந்திரி பிஸ்கட்டைத் தின்று, தொண்டை அடைத்து, உதடெல்லாம் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து பிழைத்து வந்தவன்.

"கிளம்பிட்டேன்க்கா. கேக் எங்க வாங்கின?"

"உன் பேக்கரிலதான். நேத்து போன்ல தேடினேன், நட்ஸ் சேராத சமையலறைன்னு வந்துது. நீ எழுதினதாச்சே, கண்ணை மூடிக்கிட்டு ஆர்டர் பண்ணிட்டேன். சரி வை, ஆளுங்க வந்துட்டாங்க."

நேற்றா? எடுத்தது திங்கட்கிழமை. கமா தன் போனில் பேக்கரியைத் தேடினாள். விளம்பரத்துக்கு அடியில் அந்த வரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அக்காவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் அக்காவின் போன் எந்த மூலையில் கிடக்கும் என்று அவளுக்கே தெரியாது. மாமாவை அழைத்தாள். போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் போட மறப்பதில் அந்த மனிதரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மறுபடி அக்கா. மறுபடி மாமா. மூன்று நாற்பது. மூன்று ஐம்பது. வண்டி எடுத்துப் போனாலும் அரை மணி நேரம் ஆகும். கமா நின்றபடியே பதினேழு முறை அழைத்தாள். நாலு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் மாமா எடுத்தார். பின்னால் ஒரே பாட்டும் கைதட்டலும்.

"இப்பதாம்மா சார்ஜ் போட்டேன். வரியா இல்லியா?"

"மாமா! அவன் வாயில எதையும் வைக்காதீங்க! கேக்குல நட்ஸ் இருக்கு!"

ஆபீசே எழுந்து நின்றது. போனில் பாட்டு நின்றது. ஏதோ தடாலென்று விழுந்தது. அப்புறம் வாண்டு, "என் கேக்கு!" என்று வீடே அதிர அழ ஆரம்பித்தான். பிள்ளை அழுவது அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று கமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா போனை வாங்கினாள். "நீ எழுதினதுன்னுதானேடி நம்பினேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

கமா சல்லடையைத் திறந்தாள். பட்டியலின் தலைப்பில், பேக்கரியின் எல்லா விளம்பரங்களுக்கும் பொதுவாகப் போட்ட வரிகளைக் காட்டும் 'முழுக் கணக்கு' என்ற கட்டத்தில் டிக் இல்லை. தனித்தனி விளம்பரங்களில் இருப்பதை மட்டுமே அது சலித்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளே அந்த வரியை முழுக் கணக்குக்கும் சேர்த்து, பொது வரிகளுக்கான மேல்தட்டிலும் போட்டிருந்தாள், வாண்டு மாதிரிப் பிள்ளைகள் கண்ணில் கட்டாயம் பட வேண்டுமென்று. கீழே தனி விளம்பரத்தில் வேறு வரிகள் இருக்கும் வரை மேலே இருப்பது தலை காட்டாது. கீழே இருந்ததை எல்லாம் வழித்து, அவளேதான் அதற்கு வழி விட்டிருக்கிறாள்.

டிக் செய்தாள். வரி வந்தது. அழித்தாள்.

"எடுத்தாச்சுல்ல? பேக்கரிக்காரர் காதுக்குப் போக வேண்டாம். விடு" என்றார் டீம் லீடர், தணிந்த குரலில்.

"நாலு நாளா ஓடியிருக்கு சார். எங்க அக்கா நம்பர் எனக்குத் தெரியும். மத்தவங்களோடது?"

கமா பேக்கரிக்காரரை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் காது கூசுகிற மாதிரி கத்தினார். கத்தி முடித்ததும், ஆர்டர் கொடுத்த முப்பத்தோரு பேரின் நம்பர்களை அனுப்பினார். பாதியைத் தானே கூப்பிடுவதாகவும் சொன்னார்.

கமா கூப்பிட்டதில் முதல் எட்டு பேர், எங்கள் வீட்டில் நட்ஸ் ஒத்துக்கொள்ளாதவர் யாரும் இல்லையே என்று வைத்துவிட்டார்கள். ஒன்பதாவதாக ஒரு பெண். கமா விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

"பாப்பா! அதைக் கீழ வை!"

போன் எங்கோ விழுந்தது. யாரோ ஓடும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"பெட்டியைத்தான் பிரிச்சிருக்கா" என்றது குரல், மூச்சு வாங்க. "வாயில வைக்கல. ஆமா, நீங்க யாரு?"

"அந்த வரியை எழுதினவ" என்றாள் கமா.