அடிக்கு ஓர் அங்குலம்

...வாளி, இது கோப்பை இல்லை, வாளி, இதை ஹென்ரியேட்டாவின் கையில் கொடுத்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிட்டாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், ஆனாலும் இதையும் வாங்கிப்போய் பொம்மைவீட்டு மேசைமேல் வைத்து, அடடா என்ன அழகு என்று படம் எடுத்துப் போடுகிற ஜன்மங்கள் இருக்கத்தான் செய்கின்றன, முகத்தில் இரண்டு கண் இருந்து என்ன பிரயோஜனம்... ஆர்டித் அந்தப் பீங்கான் குட்டிக் கோப்பையை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நிறுத்தியிருந்த பொம்மையின் பாவாடையை நீவிவிட்டாள். ஐந்தரை அங்குல ஹென்ரியேட்டா, பொம்மைவீட்டின் எஜமானி, கடைக்கு வரும்போதெல்லாம் கைப்பையில் கூடவே வந்துவிடுவாள், எந்தச் சாமானாக இருந்தாலும் அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும், நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மைவீட்டில் ஓர் அங்குலம், அதில் ஒரு நூல் பிசகினாலும் வீடு வீடாக இருக்காது, பரண் மாதிரி ஆகிவிடும். மார்லிஸிடம் இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. பொம்மைவீட்டுக்காரர்கள் சங்கத்துக்கே பெரிய பொம்மைவீடு மார்லிஸுடையதுதான், எல்லாம் கேட்லாக் பார்த்து வரவழைத்தது, நாற்காலிக்கு நாற்காலி, கரண்டிக்குக் கரண்டி, காசை வீசினால் அஞ்சலில் வந்து இறங்குகிறது, அதில் இவளுடைய மூளை எங்கே இருக்கிறது? ஒரு பற்பசை மூடியைப் பார்த்து இது பூந்தொட்டி என்று தோன்ற வேண்டும், உடைந்த கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் கூடத்துச் சுவர்க்கடிகாரம் தெரிய வேண்டும், சதுரங்கக் காயைத் தலைகீழாகப் பிடித்தால் மேசைக்கால்... அதெல்லாம் காசு கொடுத்தால் வராது அம்மா.

"என்ன ஆர்டித், அந்த மகாராணிக்கு இன்னிக்கு என்ன வேணுமாம்?" கல்லாவில் உட்கார்ந்து பழைய துணிகளுக்கு விலைச்சீட்டு குத்திக்கொண்டிருந்த லவோன் அங்கிருந்தே கத்தினாள். கணப்புக்குக் கிளறு கம்பி வேண்டும் என்றாள் ஆர்டித். "கொண்டை ஊசி டப்பா அந்தப் பக்கம் கெடக்கு, பாரு. போன தடவ அந்தம்மா படுக்கறதுக்குச் சோப்பு டப்பா வாங்கிட்டுப் போனியே, முதுகு வலிக்குதுன்னு ஒண்ணும் சொல்லலியா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அவள் நகைச்சுவைக்கு அவள்தான் சிரித்தாக வேண்டும். இந்த லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இத்தனை வருஷமாக உட்கார்ந்து ஊர்க்காரர்களின் பழஞ்சாமானை விற்கிறாள், கைக்கு வந்தது வைரமா கண்ணாடியா என்று ஒருநாளாவது பார்த்திருப்பாளா? பெரியதெல்லாம் மேசைமேல், சின்னதெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள், அவ்வளவுதான் அவளுடைய ஞானம். கொண்டை ஊசியாம். கொண்டை ஊசி கணப்புக் கம்பியாகிவிடுமா, அந்த அலை அலையான வளைவை என்ன செய்வது? ஆனால் வெண்டல் இருந்திருந்தால் நேராக்கித் தந்திருப்பான்... இருந்திருந்தால். தம்பி தானியக் கிடங்கிலிருந்து வேலை முடிந்து வருகிறபோது சட்டைப் பையில் எதையாவது போட்டுக்கொண்டு வருவான், ஒரு மரையாணி, ஒரு பாட்டில் மூடி, மேசைமேல் வைத்துவிட்டு, ஆர்டி, இது என்னன்னு சொல்லு பாப்போம் என்பான், சரியாகச் சொன்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான், அவன் ஒருவன்தான் இந்தப் பொம்மைவீட்டைப் பார்த்துக் கேலி பேசாதவன். ஏப்ரலில் போய்விட்டான். அவனுடையது என்று அக்காவின் கையில் ஒரு துரும்பு இல்லை, ஒரு சட்டை இல்லை, ஒரு தூண்டில் முள் இல்லை, எல்லாம் அவன் பெண்டாட்டி அந்த மகராசியிடம், அவளும் வைத்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை... வேண்டாம், அவள் பேச்சு இப்போது எதற்கு.

சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிற பைகள்தான் விஷயம். என்ன ஏது என்று தெரியாத சில்லறைச் சாமான்களை லவோன் அள்ளிப்போட்டு ஸ்டேபிள் அடித்துத் தொங்கவிடுவாள், வெளியிலிருந்து பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அதற்கும் ஒரு கைராசி வேண்டும். போன மாதம் அப்படி ஒரு பையில்தான் அந்த ஜாக்பாட் அடித்தது. தைக்கும்போது மாட்டுகிற விரல்கவசம் ஒன்று, அது இப்போது நிலக்கரிக் கூடை. ஜோடி தொலைந்த இரண்டு காதணி, ஒன்று சாப்பாட்டறைக்குத் தொங்குவிளக்கு. அப்புறம் அந்தப் பித்தளை ஜாடி, அடடா, ஹென்ரியேட்டாவின் இடுப்புயரம், கழுத்தில் ஒரே ஒரு கோடு, மூடியோடு, கணப்புக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்திக் காய்ந்த புல்லைச் செருகினால் பெரிய வீடுகளில் இருக்கிற பூஜாடியேதான். மூடி லேசில் வரவில்லை, எவனோ பிசின் போட்டு ஒட்டியிருந்தான், குறடு வைத்துத் திருகியதில்தான் வந்தது, உள்ளே பார்த்தால் சாம்பல். ஊதுபத்தி கொளுத்துகிற கோஷ்டி எதையாவது கொளுத்தி அடைத்து வைத்திருக்கும், மூங்கில் பாயில் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்கு வகுப்பு நடத்துகிறார்களே அவர்களாகத்தான் இருக்கும். ஆனால் அதிர்ஷ்டம் என்றால் இதுதான், கணப்புக்குச் சாம்பல் செய்ய எத்தனை வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம், பென்சில் கரியைத் தேய்த்தால் மினுமினுக்கிறது, சாக்கட்டியில் கலந்தால் சிமெண்ட், இதுவோ பார்த்தமாத்திரத்தில் அணைந்த அடுப்பு. அப்படியே கொட்டிவிடவும் இல்லை, ஆர்டித்தா அப்படிச் செய்வாள்? அந்த வீட்டுக் கணக்கில் ஒரு பொடிக்கல் பாறாங்கல் ஆகிவிடுமே, அதனால் டீ வடிகட்டியில் போட்டுச் சலித்து, நறநறவென்று மேலே நின்றதைக் குப்பையில் தட்டிவிட்டு, நைசாக இறங்கியதை மட்டும் பசையின் மேல் தூவி, அதற்கு மேல் குச்சிவிறகு அடுக்கினாள். மார்லிஸ் காபி குடிக்க வந்தவள் குனிந்து பார்த்து, ஒரு விநாடி வாயடைத்துப்போய், நிஜச் சாம்பலா இது என்று விரல் நுனியால் தொட்டு, பிறகு அந்த விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு விநாடி போதும், மார்லிஸின் கேட்லாக் மொத்தத்தையும் அதில் போட்டுக் கொளுத்தலாம்.

படியில் செருப்புச் சத்தம். அந்தத் தடக் தடக், வேறு யாருக்கு வரும், ரோக்ஸான்தான், வெண்டலின் மனைவி, இல்லை இப்போது விதவை, அந்த வார்த்தை அவளுக்குப் பொருந்தவே மாட்டேன் என்கிறது, விதவையாம், தலைமயிருக்குச் செம்பு நிறம் அடித்துக்கொண்டு. இவள் எதற்கு இங்கே வருகிறாள், விற்றது போதாதா? கோடையிலேயே வீட்டு வாசலில் மேசை போட்டு அவனுடைய பூட்ஸ், தூண்டில், குளிர்கால ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி வைத்துவிட்டாள், ஆர்டித் அந்தப் பக்கமாகக் காரில் போனாள், நிறுத்தவில்லை, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. எப்படித் திருப்புவாள், ஏப்ரலில் இதே கீழ்த்தளத்தில் நடந்ததை மறக்க முடியுமா... தகனம் செய்து, ஆராதனையும் முடிந்து எல்லோரும் காகிதத் தட்டில் பன்றியிறைச்சி பன் வைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது, அவள் பக்கத்தில் போய், தணிந்த குரலில்தான், பிச்சை கேட்கிற மாதிரிதான் கேட்டாள், அவன் சாம்பலில் எனக்கும் ஒரு துளி குடு ரோக்ஸான் என்று. அவள் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "குடுத்தா என்ன பண்ணுவ? கொண்டுபோய் உன் பொம்மை வீட்ல வெப்பியா?" என்றாள். காபிப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீ, என்ன பெண் இவள், என் தம்பி எதைக் கண்டு இவளிடம் விழுந்தான், சமைக்கத் தெரியாது, பேசத் தெரியாது, துக்கப்படக்கூடத் தெரியாது. ஆர்டித் பொம்மையைச் சட்டென்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பைகளைப் பார்க்கிற மாதிரி முதுகைக் காட்டி நின்றாள். கண்டுகொள்ளாமல் போய்விடுவாள், போகட்டும்.

போகவில்லை. "ஆர்டித்," என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது, "நீ இங்க அடிக்கடி வருவ இல்ல? ஒரு சின்ன பித்தள ஜாடி கண்ணுல பட்டுதா, இத்தினிக்கூண்டு இருக்கும், மூடி போட்டது?" ஆர்டித் திரும்பியதும் விரலை விரித்து உயரம் காட்டினாள், சரியான உயரம், ஹென்ரியேட்டாவின் இடுப்பு... அந்த விரல்களைத்தான் ஆர்டித் பார்த்துக்கொண்டிருந்தாள், நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. எதுக்கு என்று கேட்டது தன் குரல்தானா? "என் தங்கச்சிதான் வித்தது போக மிச்சத்தை எல்லாம் அள்ளி இங்க கொண்டாந்து போட்டிருக்கா, அந்த மூதேவிக்கு எது என்னன்னு ஒரு இழவும் தெரியாது. சமையல்கட்டு அலமாரில பின்னாடி வெச்சிருந்தேன், நேத்து எடுக்கலாம்னு பாத்தா காணோம். காலைல இருந்து ஊர்ல ஒரு பழைய கடை விடல." கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள், இவளா... "அது உனக்கு வெச்சிருந்தது ஆர்டித்."

எனக்கா? ரோக்ஸான் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள், "அன்னிக்கு எனக்கு என்ன வந்துதுன்னே தெரியல, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அத்தினி பேரு, அந்த பன்னு, அந்த வாசன, யாராவது ஒரு வார்த்த பேசினாலே கத்தணும் போல இருந்துது, நீ வந்து மாட்டிக்கிட்ட. அப்புறம் அவன் சாம்பல் இருந்த பெரிய ஜாடி மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கை எடுத்து வெச்சேன். உனக்குத்தான் சின்னச் சாமான் புடிக்குமேன்னு, கடைல இருக்கறதுலயே சின்னதாப் பாத்து வாங்கினேன். கொட்டிடக் கூடாதுன்னு மூடிய நானே ஒட்டினேன். அடுத்த வாரம் அவன் பொறந்தநாளு, அன்னிக்கு வந்து குடுக்கலாம்னு... வேற இல்ல ஆர்டித். அவ்ளோதான் இருந்துது."

குறடு, மூடி விடுபட்டபோது கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது, அப்போது கையில் லேசாகக் கொஞ்சம் சிந்தியது, அதை ஊதிவிட்டாள்... ஊதித்தானே விட்டாள், ஆமாம். வடிகட்டியின் விளிம்பை விரலால் டக் டக்கென்று தட்டினாள், நறநறவென்று நின்றது, எலும்பு, அது எலும்பு இல்லாமல் வேறென்ன, பெரிதாக இருக்கிறது என்று குப்பையில் போட்டாள், அளவுக்கு ஒத்துவரவில்லையாம், தம்பி அளவுக்கு ஒத்துவரவில்லை, செவ்வாய்க்கிழமை லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. மிச்சம் பசையில். அந்த வடிகட்டியில்தான் தினமும் டீ... மார்லிஸ் தொட்டுப் பார்த்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், அந்தப் பாவாடையை எத்தனை தடவை துவைத்திருப்பாள்? சொல்லிவிடலாமா, இப்போதே, ரோக்ஸான், தேடாதே, கிடைத்துவிட்டது, எங்கே என்று கேட்பாள், எங்கே என்று கேட்டால்... பொம்மை வீட்டில். அந்த வார்த்தையை இந்த வாயால் எப்படிச் சொல்வது, இதே கீழ்த்தளத்தில், அந்த லவோன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது? இத்தனை மாதம் இவளைத் திட்டித் திட்டியே காலையில் எழுந்திருந்தோமே, இவள் போட்ட செருப்பு, இவள் மயிர், அன்றைக்கு இவள் தின்ற பன், இப்போது எதைப் பிடித்துக்கொள்வது? ஏதாவது ஒன்று கிடைக்காதா, அந்த நகப்பூச்சு, அந்த மூக்குறிஞ்சல்... தேடினாள், வெறுப்பதற்கு ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "பரவால்ல ரோக்ஸான்," என்றாள். என்ன பரவாயில்லை? எது பரவாயில்லை?

"நீயும் கொஞ்சம் தேடேன்," என்றாள் ரோக்ஸான், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் குப்பைக்குள்ள கண்டுபுடிக்க உன்ன விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?" லவோன் அங்கிருந்து, "அந்த மூலைல இன்னும் நாலு அட்டைப்பெட்டி பிரிக்காமக் கெடக்கு, வேணும்னா கொட்டிப் பாருங்க, ஆனா திரும்ப அள்ளி வெச்சிடணும், சொல்லிட்டேன்," என்றாள். ஆர்டித் மண்டியிட்டாள். ரோக்ஸானும் பக்கத்தில் மண்டியிட்டாள், முழங்கால் மூட்டு படக்கென்று சத்தம் போட்டது, இருவருக்கும்தான். இதுவா என்று ஆர்டித் ஒன்றை எடுத்துக் காட்டினாள். இல்ல, அது மிளகுத்தூள் டப்பா. இதுவா? மெழுகுவத்தித் தண்டு. ரோக்ஸான் எடுப்பதையெல்லாம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவசரப்படவில்லை, வெண்டலுடைய அக்காவின் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டே அடுத்ததற்கு எட்டினாள், கையை எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, கனமாக இருந்தது. ஆர்டித் துணிக்கு அடியில் பார்த்தாள், கிண்ணங்களுக்கு உள்ளே பார்த்தாள், ஒரு டப்பாவைத் திறந்து குலுக்கிக்கூடப் பார்த்தாள்... இல்லாத ஒன்றை இவ்வளவு அக்கறையாக யாராவது தேடுவார்களா, நடிப்பா இது? நடிப்பு மாதிரி இல்லையே. முதல் பெட்டி முடிந்தது, இரண்டாவதும் ஆயிற்று, கடைசிப் பெட்டி முடிந்தால் வாயைத் திறந்து எதையாவது சொல்லியாக வேண்டும், அதையா, வேறெதையாவதா, அதுதான் தெரியவில்லை. மூன்றாவது பெட்டியை ரோக்ஸான் கவிழ்க்கப் போனாள். "இரு, கொட்டாத," என்றாள் ஆர்டித். "ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாம்."